வீட்டுக்கு ஒரே போன் இருக்கும்போது: சேலத்தில் ஒரு சிறிய சமூக வலைத்தளம் கட்டிய பதிவு

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் வீட்டிலிருந்தபடியே கொலுசு வேலை செய்யும் பெண்கள், அம்மாபேட்டையிலும் குகையிலும் தறிக்குத் தார் சுற்றும் பெண்கள், ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து மில் வேலைக்கும் கல்லூரிக்கும் கீழே இறங்கி வந்த பெண்கள். இவர்களுக்காக ஒரு சிறிய சமூக வலைத்தளத்தை நாங்கள் சிலர் சேர்ந்து கட்டி நடத்துகிறோம். உறுப்பினர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. பெருக்கும் எண்ணம் இல்லை. தளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது வெளியே பரவாமல் இருப்பதும் பாதுகாப்பில் ஒரு பகுதி. எதை அமைத்தோம், எதை மாற்றினோம், எதை வேண்டாம் என்று விட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன். வேறு ஊரில் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

2016-இல் எங்கள் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறொரு படத்தில் ஒட்டிச் சமூக வலைத்தளத்தில் போட்டார்கள். வீட்டார் புகார் கொடுத்தும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனது. அதன் பிறகு சட்டம் எவ்வளவோ நகர்ந்திருக்கிறது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று சொல்லின. ஆனால் அடுத்தடுத்த வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தெருவில் 24 மணி நேரம் மிக நீண்ட நேரம். புகார் வந்த பின் ஓடுவதைவிட, புகாருக்கே இடமில்லாதபடி முன்கூட்டி எதைக் கட்டி வைக்கலாம் என்பதில்தான் என் மனம் நின்றது.

யாரைக் கண்டு பயம்

சர்வரைத் தொடுவதற்கு முன் பெண்களிடம் போய்ப் பேசினோம். முகம் தெரியாத ஆண்கள், போலிக் கணக்குகள், பணம் பறிப்பவர்கள் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். அதையும் சொன்னார்கள். ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக்கொண்டே பேசிய ஓர் அக்கா சொன்னதுதான் முழுத் திட்டத்தையும் திருப்பிப் போட்டது. “என் போன் என்று ஒன்று இல்லை கண்ணு. பகலில் என்னிடம் இருக்கும், சாயங்காலம் பையன் பாடம் படிக்க வாங்கிக்கொள்வான், ராத்திரி அவரிடம் போய்விடும். பூட்டைத் திறக்கும் எண் மூன்று பேருக்கும் தெரியும். நீ எந்தத் திருடனுக்குக் கதவு போடப் போகிறாய்?”

பெரிய தளங்களின் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் போன் ஒருவருக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் எழுந்தவை. இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்றால் குறுஞ்செய்தி அதே போனுக்குத்தான் வரும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்பதும் அதே போன் வழியாகத்தான். போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கணக்கின் உரிமையாளர். எனவே நாங்கள் கட்டுவது வெளியாளைத் தடுத்தால் மட்டும் போதாது. போனைத் திறக்கத் தெரிந்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரிடமிருந்தும் காக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியை வைத்தே எடுத்தோம்.

மாஸ்டடானைப் பிரித்து மேய்ந்தது

அடித்தளமாக மாஸ்டடானை எடுத்துக்கொண்டோம். 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ தொடங்கிய, சமூக வலைத்தளம் நடத்துவதற்கான கட்டற்ற மென்பொருள் அது. விளம்பரம் கிடையாது, பதிவுகள் கால வரிசையில் வரும், யார் வேண்டுமானாலும் தனி சர்வரில் நிறுவலாம். அதன் உரிமம் ஏஜிபிஎல் வகை: நிரலை மாற்றி மற்றவர்களுக்குச் சேவையாக நடத்தினால், மாற்றிய மூலநிரலை அவர்களுக்குத் தர வேண்டும். எங்களுக்கு இது பிடித்திருந்தது. பெண்களின் பேச்சைத் தாங்கும் ஒரு தளத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்பது மறைவாக இருக்கக் கூடாது.

மும்பையில் உள்ள தரவு மையம் ஒன்றில் 4 ஜிபி ரேம் கொண்ட சர்வரை வாடகைக்கு எடுத்தோம். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் என்று மாஸ்டடானுக்கு வேண்டிய துணை மென்பொருள்களோடு வழக்கமான நிறுவல். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மாஸ்டடானின் இயல்பே மற்ற சர்வர்களோடு பேசுவதுதான் என்பதால் முதலில் அந்த வாசலை அடைத்தோம். ‘லிமிடெட் ஃபெடரேஷன்’ என்ற அமைப்பை இயக்கினால், நாம் அனுமதித்த சர்வர்களோடு மட்டுமே பேசும். அனுமதிப் பட்டியலை வெறுமையாக விட்டோம். உறுப்பினர் பட்டியல், பிரபலப் பதிவுகள், பின்தொடர்வோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் முகப்பிலிருந்து நீக்கினோம்.

எல்லாக் கணக்கையும் பூட்டிய நிலையிலேயே உருவாக்குகிறோம். அப்படிப் பூட்டினால் பின்தொடர விரும்புகிறவர் அனுமதி கேட்க வேண்டும். பதிவுகளும் தாமாகவே ‘பின்தொடர்வோருக்கு மட்டும்’ என்ற நிலைக்கு வந்துவிடும். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். இன்று ஒருவரை ஏற்றுக்கொண்டால், அவருக்காக எழுதாத பழைய பதிவுகளும் அவர் கண்ணுக்குத் தெரியும். நல்லவராகப் பழகி உள்ளே வந்து, பழையதைத் தோண்டி எடுத்து மிரட்டுவது இப்படித்தான் நடக்கும். அதனால் பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் வசதியை எல்லோருக்கும் இயக்கி வைத்தோம். மாஸ்டடான் தரும் மிகக் குறைந்த கெடு ஒரு வாரம், அதையே எடுத்துக்கொண்டோம். வேண்டிய பதிவைச் சுயவிவரத்தில் ‘பின்’ (pin) குத்தி வைத்துக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கணக்கு தொடங்க மின்னஞ்சல் கேட்கும். எங்கள் உறுப்பினர்களில் பலருக்கு அது இல்லை. இருந்தாலும் மகனோ தம்பியோ தொடங்கிக் கொடுத்ததாக இருக்கும். எனவே யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கும் வழியை மூடிவிட்டு, ‘டூட்சிடிஎல்’ என்ற மாஸ்டடானின் நிர்வாகக் கட்டளை வழியாக நாங்களே கணக்கைத் திறக்கிறோம். ஏற்கெனவே உள்ள இருவர் நேரில் வந்து உறுதி சொல்ல வேண்டும். கடவுச்சொல்லை மீட்பதும் அதே இருவர் நேரில் சொன்னால்தான். குறுஞ்செய்தி இல்லை, மின்னஞ்சல் இல்லை. நேரம் பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் போனைப் பிடுங்கிக்கொண்ட யாராலும் கணக்கைக் கைப்பற்ற முடியாது.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். உண்மைப் பெயர் கூடாது, முகப்படம் கூடாது. பூக்கள், பறவைகளின் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒன்றையும், கோலங்களிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். சுயவிவரத்தில் மாஸ்டடான் தரும் கூடுதல் கட்டங்களையும் எடுத்துவிட்டோம். நம் ஊரில் சொந்த ஊர், தெரு, தகப்பனார் பெயர் மூன்றும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மாணவிகளுக்குக் கிராமத்தின் பெயர் ஒன்றே போதும், வகுப்பில் விலக்கி வைப்பதற்கு. கட்டம் இருந்தால் நிரப்பத் தோன்றும். கட்டமே இல்லை.

தனிச்செய்தி பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. மாஸ்டடானில் தனிச்செய்தி முழு மறையாக்கம் பெற்றதல்ல. சர்வரை நடத்துபவர் தரவுத்தளத்தைத் திறந்தால் படிக்கலாம். தனிச்செய்தி என்ற பெயரைப் பார்த்து ஒரு பெண் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டி, அது எங்கள் கையில் கிடப்பதை நான் ஏற்கவில்லை. பொத்தானையே முகப்பிலிருந்து எடுத்துவிட்டோம். உள்ளே நுழையும் முதல் பக்கத்தில், “இங்கே எழுதுவதைச் சர்வரை நடத்துபவர்களால் படிக்க முடியும்” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கணக்கைக் கொடுக்கிறோம்.

உறை மாதிரி ஒரு செயலி

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துக்குச் சர்வரில் மருந்து இல்லை. போனில்தான் செய்ய வேண்டும். செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டின் வெப்வியூவை வைத்து ஒரு சிறு செயலி எழுதினோம். வெளித்தோற்றத்தில் அது ஓர் அறிவிப்புப் பலகை. அன்றைய வெள்ளி விலை, ரேஷன் கடையில் வந்திருக்கும் பொருள்கள், ஏற்காடு பஸ் நேரங்கள் எல்லாம் அதில் இருக்கும். பொய்ப் பலகை அல்ல. தினமும் ஒருவர் உட்கார்ந்து புதுப்பிக்கிறார், வீட்டு ஆண்களும் திறந்து பார்க்கிறார்கள். தனி எண்ணை அழுத்தினால்தான் உள்ளே தளம் திறக்கும்.

இன்னொரு எண்ணை அழுத்தினால் போலியான தளம் ஒன்று திறக்கும்படி செய்யலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். தொழில்நுட்பமாக எளிது. அம்மாபேட்டையில் இதைக் கேட்ட ஒரு பெண் உடனே மறுத்தார். “ஒளித்தது தெரிந்தால் ஓர் அடி. ஒளித்துவிட்டுப் பொய்யையும் காட்டியது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா தம்பி?” அந்த யோசனையை அங்கேயே கைவிட்டோம். அடி வாங்கப் போகிறவர் அவர். முடிவு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ‘ஃபிளாக் செக்யூர்’ என்று ஒரு வரி சேர்த்தால் திரையைப் படம் பிடிக்க முடியாது. சமீபத்தில் திறந்த செயலிகளின் வரிசையிலும் உள்ளே இருந்தது தெரியாது. இன்னொரு போனால் திரையைப் படமெடுப்பதை இது தடுக்காது. அதையும் உறுப்பினர்களிடம் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அரைகுறைப் பாதுகாப்பை முழுப் பாதுகாப்பு என்று நம்புவது எதுவுமே இல்லாததைவிட ஆபத்து. வெப்வியூவில் இணையத்தளங்களின் அறிவிப்புகள் வேலை செய்யாது. மற்றவர்களுக்குக் குறையாகத் தோன்றும் இதை அப்படியே விட்டுவிட்டோம். பூட்டிய திரையில் “உங்கள் பதிவுக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்” என்று மின்னுவதுதான் பல வீடுகளில் சண்டையின் தொடக்கம்.

படங்களில் நாங்கள் அதிகம் கவனம் செலுத்தியது வேறிடத்தில். மாஸ்டடான் படத்தை ஏற்றும்போது அதற்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் போன்ற தகவல்களை நீக்கிவிடுகிறது. நல்லது. ஆனால் மூலப்படம் போனின் கேலரியில் இருக்கும். கேலரியோ வீட்டில் யாரோ தொடங்கிய கூகுள் கணக்கு வழியாக வேறொரு போனுக்கும் போய்ச் சேரும். அதனால் செயலிக்குள்ளேயே ஒரு கேமரா வைத்தோம். அதில் எடுத்த படம் செயலியின் தனி இடத்தில் மட்டும் இருந்து, ஏற்றியவுடன் அழிந்துவிடும். கூலி குறைத்துக் கொடுத்த சீட்டு, சூடு பட்ட கை, மிரட்டி வந்த செய்தி இவற்றைப் படமெடுத்து அனுப்ப இது இன்றியமையாதது.

சத்தமில்லாமல் விலக ஒரு வழி

தடுத்து வைக்கும் பொத்தானைப் பெரிதாக வைத்தால் பெண்கள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். இங்கே அது பொருந்தவில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் பெண்கள்தான், ஆனால் அவர்களில் மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, ஒரே பட்டறை முதலாளியின் மனைவியும் உண்டு. நாத்தனாரைத் தடுத்து வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், மறுநாள் வீட்டில் அதற்கு விசாரணை நடக்கும். மாஸ்டடானில் ‘மியூட்’ செய்தால் எதிராளிக்குத் தெரியாது. ஆனால் அவர் தொடர்ந்து நம் பதிவைப் படிக்கலாம். ‘பின்தொடர்பவரை நீக்கு’ என்ற வசதிதான் பொருத்தமானது. அறிவிப்பு எதுவும் போகாது, புதிய பதிவுகள் மெல்ல அவர் கண்ணில் படாமல் போகும். மூன்றாம் அடுக்கு மெனுவில் கிடந்த அதை முன்னால் கொண்டுவந்து, “மெல்ல விலகு” என்று பெயர் வைத்தோம். தளத்தில் அதிகம் பயன்படும் வசதிகளில் இது ஒன்று என்று உறுப்பினர்களே சொல்கிறார்கள்.

தமிழை வடிகட்ட முடியவில்லை

வசைச் சொற்களைத் தானாகப் பிடிக்க ஒரு வடிகட்டி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தமிழில் சொல்லின் வாலில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டே போகும். முழுச் சொல்லாக மட்டும் தேடு என்றால், ‘ஐ’யோ ‘உக்கு’வோ ஒட்டியவுடன் நழுவிவிடும். எங்கே இருந்தாலும் பிடி என்றால், பாவப்பட்ட நல்ல சொற்களின் நடுவில் போய் மாட்டும். எழுத்துருவிலும் சிக்கல் இருக்கிறது. ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்ற இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கினால் இது தீரும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘ெ’ போட்டு ‘ள’ தட்டுவதை அது தீர்க்காது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். எழுத்துகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இணைப்பிலிக் குறியைச் செருகுபவர்களுக்கு இன்னொரு விதி.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் உண்மையான சிக்கல் முன்னால் வந்தது. சாதிப் பெயரை வசையாக வீசுகிறவர் எழுதும் அதே சொல்லைத்தான், “என்னை இப்படிச் சொன்னார்கள்” என்று வலியோடு எழுதுகிறவரும் எழுதுகிறார். வடிகட்டி முதலில் வாயை அடைத்தது இரண்டாமவரைத்தான். இன்னொரு பக்கம், “நேற்று ராத்திரி பழைய பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேனே” என்ற வரியில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. அதை வாசிக்கும் பெண்ணுக்கு மட்டும்தான் அது மிரட்டல் என்று தெரியும். இப்போது வடிகட்டி எதையும் அழிப்பதில்லை, தடுப்பதில்லை. பதிவை எச்சரிக்கைத் திரைக்குப் பின் மடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தீர்ப்பு மனிதர்களுடையது.

அந்த மனிதர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. 2022 நவம்பரில் வந்த மாஸ்டடான் 4.0 முதல், பொறுப்புகளை விரும்பியபடி பிரித்துக் கொடுக்கலாம். புகாரைப் பார்க்கும் உரிமை உள்ளவருக்குக் கணக்கை அழிக்கும் உரிமை இல்லாமல் வைக்கலாம். அப்படியே செய்தோம். ஆனால் புகாரைத் திறந்தால் புகார் கொடுத்தவரின் பெயர், புகாரை விசாரிக்கும் மட்டுறுத்துநருக்குத் தெரியும். குகையில் ஒரு பூவின் பெயர் யாருடையது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? நிரலில் கைவைத்து அந்தப் பெயரை மறைத்தோம். ஒரு பகுதியின் புகார் அந்தப் பகுதியில் யாரிடமும் போகாது. செவ்வாய்ப்பேட்டையின் புகாரை மலைக்குழு பார்க்கும். மலையின் புகாரை அம்மாபேட்டைக் குழு பார்க்கும். மூவரில் இருவர் ஒப்பினால்தான் நடவடிக்கை. நடவடிக்கைக்கு ஆளானவர் மேல்முறையீடு செய்தால் முதலில் தீர்ப்புச் சொன்னவர்கள் அதில் உட்காரக் கூடாது. மட்டுறுத்துநர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுவார்கள். சர்வரை நடத்தும் எனக்குத் தீர்ப்பில் குரல் கிடையாது. இதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாவி வைத்திருப்பவர் நீதிபதியாகவும் இருந்தால், நாங்கள் யாரிடமிருந்து தப்பி வந்தோமோ அவரையே மீண்டும் கட்டி எழுப்பியது போலாகும்.

அழிப்பதும் ஆதாரமும்

ஒரு வாரத்தில் எல்லாம் அழியும் என்றால், மிரட்டியவரின் பதிவும் அழியும். நாளை வழக்கு என்று வந்தால் பாதிக்கப்பட்டவர் கையில் என்ன இருக்கும்? 2021 விதிகளும், புகாரின் பேரில் நீக்கியதை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்கின்றன. எனவே புகார் வந்த பதிவை அழிக்கும் முன் அதன் பிரதியை மறையாக்கம் செய்து தனியே வைக்கிறோம். திறக்கும் சாவியை ஆடி ஷமீர் 1979-இல் வகுத்த இரகசியப் பங்கீட்டு முறையில் மூன்று பங்காக்கி, மூன்று பகுதியைச் சேர்ந்த மூன்று மூத்த பெண்களிடம் கொடுத்திருக்கிறோம். இருவரின் பங்கு சேர்ந்தால் திறக்கும். ஒருவரை மிரட்டிப் பயனில்லை. ஒருவர் தொலைத்தாலும் நட்டமில்லை.

பிரதியோடு அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பையும் (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) நேரத்தையும் எழுதி வைக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவத்தில் இந்த மதிப்பைக் குறிக்க இடம் இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போவதா இல்லையா என்பதைப் பெண்தான் முடிவு செய்வார். போவதாக இருந்தால் காகிதம் தயாராக இருக்கும். வெளியே வேறு தளங்களில் அந்தரங்கப் படம் பரவும் என்று அஞ்சுபவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ சேவையைக் காட்டித் தருகிறோம். 2021 டிசம்பரில் தொடங்கிய அது, படத்தை வாங்கிக்கொள்வதில்லை. போனிலேயே அதன் எண் அடையாளத்தைக் கணக்கிட்டு அதை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்கு அனுப்புகிறது. பெண்களுக்கான 181, இணையவழிப் பண மோசடிக்கான 1930 இரண்டும் அறிவிப்புப் பலகையின் முதல் வரியில் இருக்கின்றன.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைத் திருமணத்துக்கு வீட்டிலேயே நாள் குறித்துவிட்ட ஒரு பெண் யாரிடம் போய்ச் சம்மதம் வாங்குவாள்? அவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐத் தருகிறோம்; உறுப்பினராக உள்ள ஓர் அக்கா நேரில் போய்ப் பார்க்கிறார். அதற்கு மேல் இந்தத் தளத்தால் முடியவில்லை.

மலையில் மிச்சமிருக்கும் வேலை

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஊருக்குள் போனால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. அங்கிருந்து உட்கிராமங்களுக்குத் திரும்பினால் போகப் போக மங்கிவிடும். காப்பித் தோட்டத்துச் சரிவில் ஒரு மேட்டில் ஏறினால் கிடைக்கும், இறங்கினால் போய்விடும். பெண் அந்த மேட்டுக்கு அடிக்கடி போனால் யாராவது கவனிப்பார்கள். எனவே எழுதியதைப் போனுக்குள் பூட்டி வைத்து, இணைப்புக் கிடைத்தவுடன் தானாக அனுப்பும் வரிசை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் போன் கைமாறினால் அந்த வரிசையைத் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். அங்கேதான் வேலை நிற்கிறது. தனி எண்ணிலிருந்து சாவியை உருவாக்கினால் நான்கு இலக்கத்தை எளிதில் முயன்று உடைத்துவிடலாம். சாவிகளைப் பூட்டி வைக்கும் ஆண்ட்ராய்டின் கீஸ்டோரில் வைத்தால் பழைய போன்கள் சிலவற்றில் ஒழுங்காக ஒத்துழைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சோதித்து வருகிறோம்.

குரல் பதிவும் பாதியில் நிற்கிறது. தட்டச்சுப் பழகாதவர்கள் பேசித்தான் பதிவிடுகிறார்கள், குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பது எளிது. சுருதியை மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய குரலைக் கேட்டுப் பார்த்த பெண்கள் அது மனிதர் பேசுவது போல இல்லை, கேட்கவே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். தற்போதைக்குக் குரல் பதிவு ஐந்தாறு பேர் கொண்ட வட்டத்துக்குள் மட்டும் போகிறது, கேட்டு முடித்த மறுநாள் அழிகிறது. காப்பி பறிக்கும் பருவம் தொடங்கும் முன் மலைக்குழுவுக்கு இந்த இரண்டையும் கொடுத்துவிட வேண்டும் என்று வேலை செய்கிறோம். ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் சேலம் பக்கம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிக் கொடுங்கள். மூலநிரலைத் திறந்து வைத்து உங்களோடு உட்காரத் தயாராக இருக்கிறேன்.